ஆளை எடுத்தால் நிழலையும்

காலையில் காப்பி இறங்குவதற்குள் எங்கள் குடியிருப்பில் புல் வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். கல்கத்தா நியூ டவுனில், விமான நிலையத்துக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். இவ்வளவு உயரத்துக்கு மெஷின் சத்தம் இளைத்துத்தான் வருகிறது. வாசனை மட்டும் குறையாமல் வந்துவிடுகிறது, பெட்ரோல் புகையும் பச்சையும் கலந்த வாசனை. மூக்கில் ஏறியதும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று மனது பதறும். அந்த ஆபீசே இழுத்து மூடப்பட்டுப் பல வருஷங்களாகின்றன என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வரும். பிறகு திரும்பப் படுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் எதற்குமே எழுந்திருக்கத் தோன்றுவதில்லை.

இந்தக் குடியிருப்பைக் கட்டியவர்களுக்கு இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழக ஊர் ஒன்றின் மேல் மோகம். நுழைவாயிலில் இரண்டு பக்கமும் கோபுரம் வைத்த வளைவு. ஜன்னல்களுக்கு மேலே கூரான கல் அலங்காரம். விரலால் தட்டிப் பார்த்தால் தெர்மாகோல் என்று தெரிந்துவிடும். மணிக்கூண்டில் கடிகாரம் ஓடுவதில்லை. நடுவில் ஒரு சதுரப் புல்வெளி, அதில் யாரும் நடக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை. அந்த அசல் ஊரிலும் புல்லில் எல்லாரும் நடந்துவிட முடியாது, கல்லூரியின் மூத்த ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அந்தப் பாத்தியதை. இங்கே அதை நாய்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. செங்கல்லைப் போல ஒட்டியிருக்கிற ஓடுகளில் வரிசை தப்பு. அசல் சுவரில் ஒரு வரிசை நீளவாக்கில் இருந்தால் அடுத்த வரிசை குறுக்குவாக்கில் இருக்கும். குடிவந்த முதல் வாரம் இதைச் சொல்லச் சங்க ஆபீசுக்கே போனேன். செக்ரட்டரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் ஒழுகுகிறதா தீதி என்றார். இல்லை என்றேன். பிறகென்ன என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. ஆனால் அதன் எந்தச் சந்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டாலும், அடுத்த திருப்பத்தில் எந்தக் கல்லூரியின் மதில் வரும், அதன் மேல் எந்தக் கொடி ஊதாவாகப் பூத்துத் தொங்கும் என்று சொல்லிவிடுவேன். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டோம் என்று வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆபீஸில் நாங்கள் ‘டவுன்’ என்றே சொல்வோம், அந்தப் பழக்கம் விடவில்லை. நீங்கள் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றாலும் நாக்கு எழமாட்டேன் என்கிறது.

எங்கள் ஆபீஸ் செக்டர் ஃபைவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடி. இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அந்த ஊரை மூலை முடுக்கு விடாமல் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதைக் கோத்துத் தைத்து, யார் வேண்டுமானாலும் திரையிலேயே உள்ளே நுழைந்து நடக்கும்படி செய்து தர வேண்டும். ஒரு கதவைத் தொட்டால் முற்றம், முற்றத்தின் கோடியில் படிக்கட்டு, படியேறினால் கல்லிலேயே விசிறி விசிறியாக விரித்து வைத்த கூரை. பின்பக்கம் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் கழியால் தள்ளும் தட்டைப் படகுகள் போகிற ஒரு சின்ன ஆறு. நம் டோலிகஞ்ச் பக்கத்து ஆதிகங்கைக் கால்வாயின் அகலம்கூட இருக்காது. ஆனால் அதன் கரையை அவர்கள் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் பொறாமை வரும்.

கோத்துத் தைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி துடைப்பது. கட்டடம் மட்டும்தான் தெரிய வேண்டும், வேறு ஒன்றும் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் கட்டளை. அதனால் மாணவர்களை எடுப்போம், சுற்றுலா வந்தவர்களை எடுப்போம், சுவரோரம் சாய்த்துவைத்த சைக்கிள்களை எடுப்போம், குப்பைத் தொட்டி, சாரம், ஏணி, தோட்டக்காரரின் தள்ளுவண்டி எல்லாவற்றையும் எடுப்போம். எடுத்த இடத்தில் ஓட்டை விழுமல்லவா, அங்கே பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துச் செங்கல்லோ புல்லோ வைத்து நிரப்ப வேண்டும். நான் புல்லில் கைதேர்ந்தவள். அவர்கள் புல் வெட்டினால் பட்டை பட்டையாக, ஒன்று வெளுப்பும் ஒன்று அடர்த்தியுமாக ஓடும். ஒரு ஆளை எடுத்துவிட்டு அந்தப் பட்டை பிசகாமல் இணைப்பது சேலைக் கிழிசலை வெளியே தெரியாமல் தைப்பது போல. பகல் பூராவும் அந்தப் புல்லைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட மோந்ததில்லை. பிறகு இந்த வாசனை எப்படி என்னை ஆபீசுக்குக் கூப்பிடுகிறது என்று எனக்கே விளங்கவில்லை.

எங்கள் குழுவின் தலைவி ஷோமாதி. ஒல்லியாக, எப்போதும் கைத்தறிச் சேலையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவர். சேருகிற எல்லாருக்கும் முதல் நாளே ஒன்று சொல்வார்: ஆளை எடுத்தால் நிழலையும் எடு. அந்த ஊர்ப் படங்களை விடியற்காலையில் எடுப்பார்கள், அப்போது நிழல்கள் நீளமாக விழும். ஆளைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பத்தடி தள்ளிக் கிடக்கிற அவருடைய நிழலை மறந்துவிடுவோம். இங்கிலாந்திலிருந்து சரிபார்க்கிற ஒரு அம்மாள் சிவப்பு வட்டம் போட்டு ‘நிழல்’ என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவாள். நாங்கள் வாங்கிய குட்டுகளில் முக்கால்வாசி அதுதான்.

ஈரோட்டிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த கதிர் ஒரு தரம் சைக்கிளில் போகிறவரை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிட்டான். அது எல்லார் கண்ணிலும் தப்பி, பொதுமக்கள் பார்க்கிற இணையதளத்துக்கே போய்விட்டது. உருளைக்கல் பாவிய தெருவில் ஆளில்லாமல் ஒரு சைக்கிள் நிழல் மட்டும் ஓடுகிற பாவனையில் கிடந்தது. “தெரியாம விட்டுட்டனுங்கக்கா, வேலய விட்டுத் தூக்கிருவாங்களா?” என்று என்னிடம் வந்து நின்றான். வங்காளிகள் நிறைந்த அந்த ஆபீஸில் அவன் தமிழ் பேச நான் ஒருத்திதான். என் தமிழும் கல்கத்தாத் தமிழ், பாதி அவனுக்குப் புரியாது. ஷோமாதி அவனைத் திட்டவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு அந்த நிழலைக் காட்டி, ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, பிறகு அவரே துடைத்தார்.

அப்போது நாங்கள் லேக் கார்டன்ஸில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்த தாத்தா கட்டிய இரண்டு மாடி வீடு. பச்சை மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல்கள், சிவப்புத் தரை, தெருப்பக்கம் வளைந்து நிற்கிற பால்கனி. பஜ்பஜ் லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் அடுக்களைத் தட்டுகள் லேசாகக் கிணுகிணுக்கும். பின்னால் ஒரு துண்டு மண். அதில் அம்மா ஒரு கறிவேப்பிலை மரம் வளர்த்திருந்தாள். ஊரெல்லாம் இலை கேட்டு வரும், அம்மா பறித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பாராவில், அதாவது எங்கள் தெருவட்டாரத்தில், அவளுக்கு ‘காரிபாதா மாஷிமா’, கறிவேப்பிலைப் பெரியம்மா என்றே பெயர். அவளுக்கு அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

டவுன் தளம் எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காட்டினேன். பெண் நாள் முழுக்க என்னதான் கிழிக்கிறாள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூட்டுவலியால் வீட்டை விட்டு அதிகம் இறங்காதவள், மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். முற்றம் முற்றமாகப் போனாள். கல்லில் செதுக்கிய விசிறிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், அதாவது திரைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய வளவு. துணிய எங்கட்டி காயப்போடுவாவ? ஒரு கொடி கூடக் காணலயே.”

எடுத்துவிட்டோம் என்றேன்.

“ஆளுகளயும் காணல. தொத்துநோய் ஏதும் வந்து ஊரக் காலி பண்ணிட்டாவளா?”

“இல்லம்மா, ஆளுங்களையும் நாங்கதான் எடுத்தோம். கட்டடம் நல்லாத் தெரியணும்னு.”

அம்மா மவுஸைப் புல்வெளிப் பக்கம் நகர்த்தினாள். “அப்பொ இந்தப் புல்ல ஆரு வெட்டுதா?” என்றாள். மறுநாள் ஆபீஸில் சொன்னபோது ஷோமாதி மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு யாராவது வேலையில் தூங்கி வழிந்தால், புல்லை யார் வெட்டுவது என்று கேட்பது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டது.

கேள்வி கேட்டாலும் அம்மாவுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போவாள். பழைய மல்பெரி மரம் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கும் தோட்டம் இருக்கிறது, அங்கேதான் அதிக நேரம். இவ்வளவு வயசான மரத்துக்குக்கூட முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களே என்பாள். அப்போது எங்கள் வீட்டைப் பற்றிய பேச்சு தொடங்கியிருந்தது. அதனால் அவள் எதைப் பார்த்தாலும் அங்கேதான் வந்து முடிவாள்.

பேச்சு இதுதான். வீட்டில் எங்களுக்குப் பாதி, சென்னையில் இருக்கிற சித்தப்பாவுக்குப் பாதி. சித்தப்பா தன் பங்கை, பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுகிற புரமோட்டரிடம் கொடுத்துவிடத் தீர்மானித்துவிட்டார். பாதி வீட்டை இடிக்க முடியாது. தெருவில் வரிசையாக எல்லா வீடுகளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன; ஒவ்வொன்றும் போனபோது அம்மா ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். அப்பா இல்லை. அண்ணன் பெங்களூரிலிருந்து போனில், வேறு வழியில்லை என்று அழகான குரலில் சொன்னான். எனக்கும் போராடத் தெம்பில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மரச் சட்டங்களைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டியது நான்தான், அம்மா ஆட்டவில்லை. அவள் சண்டையும் போடவில்லை. ஒரு வாரம் கழித்து, சொதிக்குத் தேங்காய் திருகிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, அந்த வெள்ளக்காரன் ஊர எடுத்து வச்ச மாதிரி நம்ம வீட்டயும் எடுத்து வச்சிரக் கூடாதா? நீங்கதான் அதச் செய்தியளே. எங்கயாம் இருந்துக்கிட்டு, தோணும்போது ஒரு நட போயிட்டு வருவேன்.”

அதைவிட அதிகமாக அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைக் காப்பாற்று என்று கேட்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது. இது முடியக்கூடிய காரியம், அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே காரியம்.

ஷோமாதியிடம் சொன்னேன். கேமராவை ஒரு நாள் இரவல் வாங்க முடியுமா என்றுதான் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மாஷிமாவின் வீட்டை நாங்கள் எல்லாருமாகச் செய்கிறோம், நீ கை வைக்கக் கூடாது, இது எங்கள் பரிசு என்றார். மேலே சொல்லி அனுமதியும் வாங்கினார். அந்த ஆபீஸில் எனக்கு யாரும் ஒரு பிறந்தநாள் கேக்கூட வெட்டியதில்லை.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் இளம் மஞ்சளாகச் சாய்ந்து சிவப்புத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஷோமாதி, கதிர், இன்னும் குழுவில் ஓரிருவர், கேமராவும் முக்காலியுமாக வந்து இறங்கினார்கள். அம்மா முந்தின நாளே தேங்காய்ப் பால் எடுத்துவைத்து, சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்துவைத்திருந்தாள். விடியுமுன்பே குளித்து, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் பட்டுச் சேலையைக் கட்டி, தலையில் ஒரு துண்டு கதம்பம்கூட வைத்திருந்தாள். விருந்தாளிகள் வருகிறார்களே என்று கட்டியிருக்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மாவின் மூட்டுவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. கேமரா போன இடமெல்லாம் அவளும் போனாள். கூடமான பட்டாசலில் அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் நின்றாள். மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்களையில் அடுப்புக்கு முன்னால், பால்கனியில் வளைவின் நடுவில், மொட்டைமாடித் தட்டட்டியில் உலர்கிற துணிகளுக்கு இடையில், கடைசியாகக் கறிவேப்பிலை மரத்தில் சாய்ந்தபடி. “மாஷிமா, ஏக்டு ஷோருன்” என்று ஷோமாதி சொல்வார், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். அம்மாவுக்கு நாற்பது வருஷத்து வங்காளி தெரியும். ஆனாலும் புரியாத மாதிரி சிரித்துக்கொண்டு, நகராமல் அங்கேயே நிற்பாள். போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஷோமாதியும் எடுத்துக்கொண்டே போனார். சாப்பாட்டில் கதிர் மூன்றாம் தரம் சொதி கேட்டான். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ஆறு மாசமாச்சுங்கம்மா என்றான். அம்மா அவனுக்குப் பொதி கட்டியும் கொடுத்தாள்.

அதன் பிறகு அவர்கள் மதிய இடைவேளைகளிலும் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து செய்தார்கள். நான் அந்தப் பக்கம் போனால் திரையை அணைத்துவிடுவார்கள். தோட்டம் கதிருக்கு, படிக்கட்டும் பட்டாசலும் ஷோமாதிக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். இங்கிலாந்து வேலையைவிட இதற்கு அதிகம் மெனக்கெடுகிறோம் என்று ஷோமாதி ஒரு தரம் வாய்விட்டார். இதற்கிடையில் நாங்கள் வீட்டைக் காலி செய்து, கேஷ்டோபூரில் ஒரு வாடகை ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னல். அம்மா பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. அது வந்தாச்சா, வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே லேக் கார்டன்ஸில் சுத்தியல் விழத் தொடங்கியிருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஷோமாதியும் கதிரும் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார்கள். பெட்டி ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தோம்.

வீடு அப்படியே இருந்தது. அப்படியே என்று சொன்னால் போதாது, அது கட்டி முடித்த நாளில்கூட அவ்வளவு அழகாக இருந்திருக்காது. மஞ்சள் வெயில் சிவப்புத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. பச்சைச் சட்டங்களில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். ஷோமாதி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா மவுஸை எடுத்துக்கொண்டு வாசலில் நுழைந்தாள். பட்டாசலுக்குப் போனாள். படியேறினாள். அடுக்களை, பால்கனி, தட்டட்டி. திரும்பிக் கீழே வந்தாள். மறுபடியும் பட்டாசலுக்குப் போய் நாற்காலிப் பக்கம் நின்றாள். பின்னால் போய்க் கறிவேப்பிலை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“நல்லாச் செஞ்சிருக்குதுக பிள்ளைக. தூசி தும்பு ஒண்ணு இல்ல” என்றாள். அதையே வங்காளியிலும் சொன்னாள். எழுந்து டீ போடப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் பாலைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அந்த மஞ்சச் சேலைய நான் எதுக்குக் கட்டுனேன்னு நெனச்சே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நேரம் அதே திரையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத வீடு என்று என் கண்ணுக்குப் படவே இல்லை. எங்களுக்கு வீடென்றால் அப்படித்தான் இருக்கும். துணிக்கொடி இல்லை, அப்பாவின் பழைய ஸ்கூட்டர் இல்லை, மதில்மேல் எப்போதும் படுத்திருக்கிற பூனை இல்லை. அம்மா நின்ற இடத்தில் எல்லாம் சுவரும் தரையும் கைப்பிடியும் ஒரு பிசிறில்லாமல் இருந்தன. அவளுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து நிரப்பியிருந்தார்கள்.

வெளியே வந்து ஷோமாதியிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி மாடிப்படியைப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை, நினைக்கக்கூட இல்லை, கை தானாகப் போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “பழக்க தோசத்துல பண்ணிட்டமுங்கக்கா” என்று கதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆபீசுக்குப் போய்த் தேடினார்கள். வேலை முடிந்தது என்று குறித்துவிட்டால் மூலப்படங்கள் தானாக அழிந்துபோகிற மாதிரி அங்கே ஏற்பாடு. யாருடைய முகமும் எங்களிடம் தங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த இங்கிலாந்துக் கம்பெனி வைத்த விதி. ஷோமாதி யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றால் அதற்குள் படிக்கட்டு தரையோடு தரையாகிவிட்டிருந்தது.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஷோமாதி வரும்போதெல்லாம் எப்போதும் போல உட்காரவைத்துச் சோறு போட்டாள். ஆனால் அந்த வீட்டுக்குள் மட்டும் அவள் மறுபடி நடக்கப் போகவே இல்லை. நான் ஒரு தரம் திறந்து வைத்தேன். “அங்க ஆரு இருக்கா, போறதுக்கு” என்று சொல்லிவிட்டு, வெள்ளைக்காரர்களின் மல்பெரி மரத்தைப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பிறகு அந்த மரத்தையும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. நாங்கள் நாளெல்லாம் உட்கார்ந்து துடைத்ததை மெஷினே கண்மூடித் திறப்பதற்குள் துடைக்கிற காலம் வந்தது. நாலாவது மாடி காலியாயிற்று. டவுன் தளத்தையும் மூடிவிட்டார்கள், இப்போது தேடினால் கிடைக்காது. ஷோமாதி கரியாவில் ஒரு துணிக்கடை வைத்திருக்கிறார். பூஜைக்கு ஒரு தரம் போனில் பேசுவோம், இரண்டு பேரும் சோர்ந்துபோய் வைத்துவிடுவோம். லேக் கார்டன்ஸில் எங்கள் இடத்தில் நாலு மாடி நிற்கிறது. கறிவேப்பிலை மரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அந்தத் தெருவில் இப்போது கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஆப்பில் ஆர்டர் போடுகிறார்கள் என்று பழைய அண்டைவீட்டு அண்ணி ஒருத்தி சொன்னாள். அம்மா இந்தப் பன்னிரண்டாவது மாடிக்கு வந்து கொஞ்ச காலம்தான் இருந்தாள். கீழே புல்வெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெட்டுகிற ஆள் தெரிந்தால் மட்டும் அவனுக்குக் கையசைப்பாள். அவனும் மேலே பார்த்துத் தலையசைப்பான்.

போன வருஷம் கதிர் வீடியோவில் கூப்பிட்டான். கோயம்புத்தூரில் ஏதோ பெரிய வேலையில் இருக்கிறான். டூர் போன இடத்தில், அந்த ஊரிலேயே நின்றுகொண்டு பேசினான். “அக்கா, எங்க பாத்தாலும் சைக்கிளுங்க. ஒரே கூட்டம். பாதை தெரியாம ரண்டு மணி நேரமாச் சுத்திட்டு இருக்கறனுங்க” என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த மதில், எனக்குத் தெரிந்த ஊதாப் பூ. நடுவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஜனங்கள். ஐந்நூறு அறுநூறு வருஷமாக அந்த ஊர் இப்படித்தான் நின்றிருக்கிறது. நாங்கள் எடுத்துவைத்ததால் அது நிற்கவில்லை, எடுத்துவைக்காவிட்டாலும் நின்றிருக்கும். பேசி முடிக்கும்போது அம்மாவைப் பற்றி அவன் ஏதோ சொல்ல வந்தான். சிக்னல் சரியில்லை என்று நானே வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு மட்டும் ஒரு பென் டிரைவில் என்னிடம் இருக்கிறது. சில நாள் காலையில் புல் வாசனை ஏறி வரும்போது எழுந்து, அதைப் போட்டு உள்ளே போகிறேன். இப்போது நான் வீட்டைப் பார்ப்பதில்லை, தப்பைத் தேடுகிறேன். அந்த இங்கிலாந்து அம்மாள் எங்கள் வேலையில் எவ்வளவு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள், எத்தனை நிழலை நாங்கள் விட்டிருக்கிறோம். குளிர்கால வெயில், சிவப்புத் தரை, அன்றைக்கு அவள் நிழல் எவ்வளவு நீளமாக விழுந்திருக்கும். நாற்காலிக்குப் பக்கத்தில் தேடியிருக்கிறேன். படிகளில் ஒவ்வொன்றாக, பால்கனி வளைவில், தட்டட்டியில், கறிவேப்பிலை மரத்தடி மண்ணில் தேடியிருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. எங்கள் குழு செய்ததிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை அதுதான், அவ்வளவு பிரியமாகச் செய்திருக்கிறார்கள்.